முப்பது சேர்ந்தால் ஊற்றலாம்

தெருவில் அவரைக் குழாய்க்காரர் என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி மாதம் இரண்டு பேராவது சொட்டுகிற குழாயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். "அது வேற குழாய்ங்க, நான் செய்யறது வேற குழாய்" என்று ஆரம்பிப்பார். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வாஷரை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார். விளக்கி முடிக்கிற நேரத்தில் நாலு வாஷர் மாற்றிவிடலாம் என்பது அவர் அனுபவம்.

அவர் செய்தது கார் இன்ஜினுக்குள் காற்று போகிற குழாய். மேனிஃபோல்ட் என்று பெயர். அலுமினியத்தில் வார்த்தது, நாலு கிளை. அதுவும் எல்லாக் காருக்கும் இல்லை. எப்போதோ ஒரு கம்பெனி மூன்றே வருஷம் செய்து, விற்காமல் கையைச் சுட்டுக்கொண்டு நிறுத்திவிட்ட ஒரு இரண்டு கதவுக் காருக்கு மட்டும். கம்பெனிக்காரர்கள் காசை மிச்சம் பிடிக்க அதில் குழாயைக் குறுகலாக வைத்துவிட்டார்கள். இவர் அகலமாகச் செய்தார். வண்டி நன்றாக மூச்சு விட்டது, ஒன்பது குதிரைசக்தி கூடுதலாக இழுத்தது. ஊரில் ஒருத்தருக்கும் தேவைப்படாத அந்த ஒன்பது குதிரையைக் கட்டி மேய்த்துத்தான் மனிதர் பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினார்.

அந்தக் காரில் உயிரோடு இருந்தவை இருநூற்றுப் பதினான்கு. பட்டறைச் சுவரில் ஒரு நீளத் தாளில் அத்தனையும் எழுதி ஒட்டியிருந்தார். எங்காவது ஒன்று மோதி நசுங்கினால், துருப்பிடித்து உடைப்புக்குப் போனால், அதன் எண்ணை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடிப்பார். புதிதாக ஒன்று பிறக்க வழியில்லாததால் அந்தத் தாளில் அடித்தல் மட்டும்தான் உண்டு. அந்த வட்டத்தில் ஆளுக்குப் பெயரும் கிடையாது. வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணின் கடைசி இலக்கங்கள்தான் பெயர். "நாப்பத்தேழுக்குப் பொண்ணு பொறந்திருக்கு", "நூத்திரெண்டு வீடு மாறிட்டாரு" என்று பேசிக்கொள்வார்கள். வெளியாள் கேட்டால் சிறைச்சாலைப் பேச்சு என்று நினைப்பான்.

தொழிலின் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மர அச்சு செய்ய ஆகிற செலவு, ஒரு பொருள் வார்த்தாலும் லட்சம் வார்த்தாலும் ஒன்றுதான். பெரிய கம்பெனி அதை லட்சத்தால் வகுக்கும், இவர் முப்பதால் வகுக்க வேண்டும். ஏன் முப்பது என்றால், வார்ப்படக்காரர் உலையை மூட்டுவதற்கு அதுதான் கீழ் எல்லை. "முப்பது சேர்ந்தா ஊத்தலாம். இருபத்தொம்போதுன்னா வராதீங்க" என்பார். விலையை ஏற்றினால் ஆள் ஓடிவிடும், இறக்கினால் மிஞ்சுவது அலுமினியத் தூள். இது போதாதென்று இவர் வேலை சுத்தமான வேலை. ஒரு தடவை மாட்டினால் வண்டி செத்தாலும் குழாய் சாகாது. ஒரே ஆளிடம் ஒரே பொருளை இரண்டாம் முறை விற்க முடியாது. ஆகவே குழாய் முடிந்ததும் வேறு ஒன்று, அது முடிந்ததும் இன்னொன்று என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மறுபடி முப்பது பேர்.

பதினோரு வருஷத்தில் ஏழு பொருள் செய்தார். முதல் இரண்டுக்கு வரிசையில் நின்று வாங்கினார்கள். மூன்றாவதில் இருந்து ஒவ்வொரு முறையும் முக்கி முனகி, கடைசி வாரத்தில் எப்படியோ முப்பது வந்து சேரும். எப்படி வந்தது என்று அவர் ஆராய்ந்ததில்லை. வந்தால் போதும் என்று இருக்கிறவன் ஆராய மாட்டான்.

இப்போது எட்டாவது. பெரிய தண்ணீர் பம்ப். மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், நாள் முழுக்க ஊசி குத்துகிற கை, பேச்சும் அப்படித்தான் இருக்கும். "என்னங்க, இந்தத் தடவை முப்பது வரலைன்னா பட்டறையை விட்டுடுங்க. என் தம்பி எத்தனை நாளைக்கு அந்த வேலையைப் பிடிச்சு வச்சிருப்பான்?" தம்பி பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலையில் மேலாளர். அங்கே இயந்திரப் பராமரிப்புக்கு ஆள் வேண்டும். நிமிஷத்துக்கு நானூறு மூடி, எல்லாம் ஒரே அளவு. இவருக்கு அது பிடிக்காத வேலை. இருந்தாலும் சரி என்று தலையாட்டினார். முப்பது பேரும் வந்துவிட்டார்கள், முன்பணமும் பாதி கட்டிவிட்டார்கள் என்கிற தைரியம்.

உலை மூட்டுவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்தக் கார்க்காரர்கள் சங்கச் செயலாளர் போன் செய்தார். அவரும் அதே வண்டி வைத்திருப்பவர்தான், நூற்று ஐந்து.

"குழாய்க்காரரே, அறுபத்து மூணு போயிடுச்சுப்பா."

"ஐயோ. எந்தப் பக்கம் அடி? முன்பக்கமா? இன்ஜின் தப்பிச்சுதா?"

செயலாளர் மெதுவாகச் சொன்னார். "வண்டிக்கு ஒண்ணும் இல்லப்பா. ஆளு போயிட்டாரு. நெஞ்சுவலி. செவ்வாய்க்கிழமையே எல்லாம் முடிஞ்சுது."

குழாய்க்காரர் போனை வைத்துவிட்டுச் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். அவர் மனத்தில் முதலில் ஓடியது முப்பதில் ஒன்று போனால் இருபத்தொன்பது என்பதுதான். இதை அவரே பிறகு மனைவியிடம் சொன்னார். ஒளிக்கத் தெரியாத மனிதர்.

அறுபத்து மூன்று யார் என்றால், சிநேகிதர். நேரில் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் நாலு மணி நேரத் தொலைவில் இருந்தார், நீதிமன்றத்தில் தட்டச்சர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர் போன் வரும், அரை மணி நேரம் வண்டிப் பேச்சு. "உங்க குழாய் மாட்டினதுல இருந்து பாலத்து ஏத்தத்துல மூணாவது கியர்லயே ஏறுதுங்க" என்பார். ஒரு தடவை கொஞ்சம் தயங்கி, "மெதுவா போகும்போது மட்டும் இழுவை பத்தாத மாதிரி இருக்கு" என்றார். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் குழாய்க்காரருக்கு இரண்டு நாள் தூக்கம் போய்விட்டது. அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிளைகளை இரண்டு சென்டிமீட்டர் நீட்டிப் புதிதாக ஒன்று செய்தார். அதுதான் மூன்றாவது பொருள். அறுபத்து மூன்று அதையும் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதாங்க வண்டி வண்டியா இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் குழாய்க்காரர் ஆறு மாதம் சந்தோஷமாக இருந்தார்.

அப்படிப்பட்டவர் செத்துப்போன செய்திக்கு இவருக்கு ஒன்றும் வரவில்லை. அழுகை வரவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், அரத்தை எடுத்து ராவினார். பல் பிடுங்க டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான்.

"அழுதாலாவது தேவலைங்க. இப்படி உக்காந்திருக்கறது எனக்குப் பயமா இருக்கு" என்றாள் மனைவி.

"வரலையே, என்ன பண்ணச் சொல்ற?" என்றார். பிறகு, "பம்புக்கு இன்னொரு ஆள் பாக்கணும்" என்றார்.

அந்த வாரம் முழுக்கத் தேடினார். இருநூற்றுப் பதினான்கில் யார் யாரைக் கேட்காமல் விட்டோம் என்று தாளைத் துழாவினார். ஒருத்தர் மகள் கல்யாணம் என்றார், ஒருத்தர் வண்டியை விற்கப் போகிறேன் என்றார், ஒருத்தர் "அடுத்த பொருளுக்குக் கட்டாயம்" என்றார். கடைசியில் வார்ப்படக்காரரிடம் கெஞ்சி, புதன்கிழமை மத்தியானம் வரை கெடு வாங்கிக்கொண்டு, புதன் விடிந்ததும் பஸ் ஏறினார். துக்கம் விசாரிக்கப் போனாரா, முப்பதாவது ஆளைத் தேடிப் போனாரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. அந்த வண்டியை யாராவது வாங்குவார்கள், வாங்குகிறவர் பம்பை வேண்டாம் என்றா சொல்வார், அந்த அம்மாவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று நாலு மணி நேரமும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடியே போனார்.

மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்த அம்மாள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இவரைப் பார்த்தார்.

"குழாய்க்காரரா? குரலை வச்சு இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதே இவருக்கு மறந்துபோனது. உட்கார்ந்தார், கொடுத்த தண்ணீரைக் குடித்தார், "வண்டியைப் பாக்கலாமா?" என்றார். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மாள் கோபப்படவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கீழே வாகனம் நிறுத்துகிற இடத்தில், தூணுக்குப் பக்கத்தில், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது வண்டி. மேலே ஒரு கீறல் இல்லை. குழாய்க்காரர் முன்மூடியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

உள்ளே இருந்தது கம்பெனிக் குழாய். அந்தக் குறுகல் குழாய். அதன் நட்டுகளில் கம்பெனி பூசிய மஞ்சள் சாயம்கூடப் போகவில்லை, அதாவது ஒரு ஸ்பேனரும் அதைத் தொட்டதில்லை. குனிந்து அடியில் பார்த்தார். ஆயில் தொட்டியும் கம்பெனியுடையது. பதினோரு வருஷத்தில் இவர் செய்து அனுப்பிய ஏழில் ஒன்றுகூட அந்த வண்டியில் இல்லை.

"இதுல என் சாமான் எதுவுமே இல்லைங்களே" என்றார்.

"எப்படி இருக்கும்? அவருக்கு வேகம்னாலே ஆகாது. நாப்பதைத் தாண்டினா தலை சுத்துதும்பாரு. வளைவு வந்தா ஹாரன் அடிச்சு, நிறுத்தி, ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் திரும்புவாரு. பின்னாடி வர்றவன் எல்லாம் வண்டி வண்டியா திட்டுவான்."

போன வருஷம் அனுப்பிய ஆயில் தொட்டி நினைவுக்கு வந்தது. வேகமாக வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடாமல் இருக்க உள்ளே தடுப்பு வைத்துச் செய்தது. "வளைவுல அந்த ஆயில் சிவப்பு விளக்கு எரியறதே இல்லைங்க" என்று அறுபத்து மூன்று போனில் பூரித்துப்போனார். ஹாரன் அடித்து நிறுத்தித் திரும்புகிற வண்டியில் எந்த விளக்கு எரியும்? அட பாவி மனுஷா, பதினோரு வருஷம் காதில் பூச்சுற்றியிருக்கிறாயே என்று தோன்றியது. அந்த இரண்டு சென்டிமீட்டருக்காகத் தூக்கிப் போட்ட அச்சும் நினைவுக்கு வந்தது.

"சாமான் எல்லாம் இங்க இருக்கு" என்று அந்த அம்மாள் சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார்.

பெட்டிகள். பிரிக்காத பெட்டிகள், அடியில் இருந்து மேல்தட்டு வரை. ஏழு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு இருந்தன. குழாய்க்காரர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டில் எழுதியிருந்தது அவருடைய கையெழுத்தேதான். அறுபத்து மூன்று. எண்பத்தெட்டு. நூற்றுப் பன்னிரண்டு. நூற்று நாற்பது.

எண்பத்தெட்டும் நூற்றுப் பன்னிரண்டும் நூற்று நாற்பதும் இவருக்கு மிகப் பிடித்த வாடிக்கையாளர்கள். பேரம் கிடையாது, போன் கிடையாது, ஒரு குறை சொன்னதில்லை. கடைசி வாரத்தில் பணம் வந்துவிடும். தங்கமான மனிதர்கள் என்று மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"ஒண்ணு என் ஸ்கூலுக்கு வரும், ஒண்ணு கோர்ட்டுக்கு, இன்னொண்ணு என் அக்கா வீட்டுக்கு" என்றார் அந்த அம்மாள். "ஸ்கூல்ல எல்லாரும் கேப்பாங்க, என்ன மேடம், கல்லா வாங்கறீங்கன்னு. அவ்வளவு கனம்."

அந்த மூன்று வண்டியும் இவர் தாளுக்கு எட்டாமல் எப்போதோ உடைப்புக்குப் போனவை. எண்ணை எங்கேயோ பிடித்து, அவற்றுக்கு உயிர் கொடுத்து, அவற்றின் பெயரில் அறுபத்து மூன்று வாங்கியிருக்கிறார். மூன்றாவது பொருளில் இருந்து ஒவ்வொரு முறையும் நாலு. இத்தனைக்கும் அந்த மூன்றாவது பொருளே அவர் சொன்ன பொய்யால் வந்தது. பொய்யும் சொல்லி, அதற்கு நாலு பெட்டிப் பணமும் கட்டியிருக்கிறார் மனிதர்.

குழாய்க்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக மரத்துக் கிடந்த இடத்தில் முதன்முதலாக வந்தது அவமானம். தன் பட்டறை தன் வேலையால் நின்றது என்று அவர் நம்பியிருந்தார். நாலு பெட்டிப் பிச்சையில் நின்றிருக்கிறது.

"எதுக்குங்க இப்படி? பாவம்னு பாத்தாரா?" என்றார். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது.

அந்த அம்மாள் யோசித்தார். "பாவம்னு இல்லைங்க. அவரு காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் அடுத்தவங்க பேசறதை டைப் அடிக்கறவரு. வீட்டுக்கு வந்தா வாயே திறக்க மாட்டாரு. என்கிட்டயே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. உங்ககிட்ட ஞாயித்துக்கிழமை பேசும்போது மட்டும் இந்த ரூம்ல இருந்து அந்த ரூம் வரைக்கும் சிரிப்புக் கேக்கும். மூணாவது தடவை உங்களுக்கு ஆளு சேரலை, கடையை மூடப் போறீங்கன்னு செயலாளர் சொன்னாரு. இவரு பயந்துட்டாரு. ஏங்க, இவ்வளவு காசான்னு நான் ஒரு தடவை சண்டைகூடப் போட்டேன். வருஷம் முழுக்கப் பேச்சு வாங்கறோம், கணக்குப் போட்டுப் பாரு, மலிவுதான்னாரு."

அப்போது குழாய்க்காரரின் சட்டைப்பையில் போன் அடித்தது. வார்ப்படக்காரர்.

"மணி பன்னெண்டாச்சுங்க. முப்பது இருக்கா? உலையை மூட்டவா, விடவா?"

முப்பதில் ஒன்று போய் இருபத்தொன்பது என்று ஒரு வாரமாக அலைந்தார். உண்மையில் அது எப்போதும் இருபத்தாறுதான். இந்த முறையும், போன முறையும், அதற்கு முந்தின முறையும் முப்பது இருந்ததே இல்லை.

"விட்டுடுங்க" என்றார்.

"அச்சு?"

"வந்து எடுத்துக்கறேன்."

சொன்னபோது வலிக்கும் என்று எதிர்பார்த்தார். வலிக்கவில்லை. மச்சானின் தொழிற்சாலைக்குக் காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டியிருக்கும் என்று மட்டும் ஒரு யோசனை ஓடியது.

"இதையெல்லாம் நீங்களே எடுத்துக்கோங்க. எனக்கு என்னத்துக்கு?" என்றார் அந்த அம்மாள். எல்லாவற்றையும் தூக்க முடியாது, இரண்டு பெட்டி எடுத்துக்கொள்கிறேன், மிச்சத்துக்கு வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லி, மேல்தட்டில் இருந்த ஆயில் தொட்டிப் பெட்டியை இறக்கினார். சாய்த்தபோது அதன் மூடியில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது தெரிந்தது. தட்டச்சருக்கே உரிய நேரான வரிசை, ஓரம் விட்டு எழுதியது.

"அதுவா? சனிக்கிழமை சாயந்தரம் கீழ வந்து உக்காந்து எழுதுவாரு. மறுநாள் உங்ககிட்ட என்ன சொல்லணும்னு" என்றார் அந்த அம்மாள்.

வளைவில் சிவப்பு விளக்கு எரிவதில்லை, பக்கத்தில் ஒரு டிக். இன்ஜின் சூடு குறைவு, டிக். செயலாளர் வண்டியைவிட நம் வண்டியில் அதிர்வு கம்மி, டிக். டிக் போட்டதெல்லாம் இவர் காதால் கேட்டது, நம்பியது, ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் பெருமையாகச் சொன்னது. கடைசி வரிக்கு மட்டும் டிக் இல்லை.

*குளிர் நாளில் வந்த பெட்ரோல் வாசனை நின்றுவிட்டது என்று சொல்லலாம். (நிற்குமா? விவரம் தெரிந்த யாரையாவது கேட்டுக்கொள்ளவும்.)*

குழாய்க்காரர் அதை இரண்டு தடவை படித்தார்.

"என்னங்க எழுதியிருக்கு?" என்றார் அந்த அம்மாள். கண்ணாடி மாடியிலேயே இருந்துவிட்டது.

"பெட்ரோல் வாசனை நிக்குமான்னு கேட்டிருக்காருங்க" என்றார் குழாய்க்காரர். "நிக்காது. இது ஆயில் தொட்டி. இன்ஜினுக்கு அடியில இருக்கறது. பெட்ரோல் வாசனை மேல கார்புரேட்டர்ல இருந்து வர்றது. குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதனால வரும். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைங்க. என்கிட்டயே கேட்டிருக்கலாமே, நான் சொல்லியிருப்பேனே, அதுல ஒரு சின்ன ஸ்பிரிங் மாத்தினாப் போதும்..."

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.